காது மெஷினுக்குச் சந்தனம்

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி வந்து மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு பொட்டல் இருக்கிறது. அங்கே அடிக்கிற காற்றைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஓர் ஆனி மாதம் அந்தப் பொட்டலில் இருந்த மடத்தின் ஓலைக் கூரை அப்படியே எழும்பிப் பறந்து, பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டு வாசலில் பந்தலாக இறங்கிவிட்டது. கல்யாணம் முடிந்ததும் அவர்கள் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்கள், ஒரு வாளி பாயசமும் கொடுத்து. பாயசத்தில் முந்திரி குறைவு என்பதைத் தவிர மடத்தில் யாருக்கும் வருத்தமில்லை.

அந்த மடத்தில் இருந்தவர் பொட்டல் சாமி.

சாமிக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி இல்லை. இளவட்டமாக இருந்தபோது கோயில் கொடை விழாக்களுக்கு வேட்டுப் போடுகிற வேலை பார்த்தார். ஒரு கொடையில் வேட்டு கொஞ்சம் பக்கத்தில் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். கேட்டவர்கள் சற்று நேரம் நின்று பார்ப்பார்கள், தாங்களே ஒரு பதிலைக் கண்டுபிடிப்பார்கள், கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர் ஞானி என்று சுற்றுவட்டாரம் முடிவு கட்டிவிட்டது. மடமும் கட்டிக் கொடுத்தது. சாமி சரி என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு ஞானமும் வந்துவிட்டது. அது வருகிற வழியெல்லாம் நமக்குத் தெரியுமா என்ன?

பிறகு ஒரு பக்தர் அவருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே ஒரு பென்சில் பாட்டரி. பெட்டியிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். மற்றவர்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். சாமிக்குச் சட்டை ஏது? நூலில் கோத்து நெஞ்சில் தொங்கவிட்டிருந்தார். புதிதாக வருகிறவர்கள் உள்ளே ஏதோ சின்ன லிங்கம் இருக்கிறது என்று நினைத்துப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வேண்டுதலைக்கூடப் பெட்டியிடம்தான் சொல்வார்கள். அதுவும் ஒருவகையில் சரிதான்.

சாமிக்கு ஒரே சீடர், குற்றாலலிங்கம். எல்லாருக்கும் குத்தாலம். சாமியைவிட மூத்தவர், சாமிக்கு அவருடைய மூத்த மகன் வயதுதான் இருக்கும். தென்காசிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடையை மனைவி உலகம்மாளிடம் விட்டுவிட்டு, காவி கட்டியே தீருவது என்று மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

காவிக்கு மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி இருக்கிறவன் என்றால் அவள் நேரில் வரவேண்டும். 'இவர் போகட்டும்' என்று சாமியின் காதுபடச் சொல்லவேண்டும். ஆள் விட்டுச் சொல்வது, கடிதம் போடுவது எல்லாம் செல்லாது.

குத்தாலத்தின் காவி வேட்டி சாயம் போட்டுக் காய்ந்து, மடித்துக் கொடியில் கிடந்தது. தீபாவளிச் சட்டையைப் பார்க்கிற பிள்ளை மாதிரி காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார். பார்த்ததும் உலகம்மாள் ஞாபகம் வரும். அவள் சம்மதிக்கப் போவதில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வாசலில் விழுந்து அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள், காலைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தார். அப்போது முகத்தை எப்படிக் கல்லாக வைத்துக்கொள்வது என்று கிணற்றுத் தண்ணீரில் பார்த்துப் பழகியும் வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள், மதியம் பஸ்ஸில் வருகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்குக் காலையில் பார்த்து மெஷின் நின்றுவிட்டது.

புதுப் பாட்டரி போட்டுப் பார்த்தார்கள். சத்தமில்லை. சாமி பெட்டியின் மூடியைத் தள்ளி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுச் சீடரிடம் நீட்டினார். பாட்டரி உட்காருகிற இடத்தில், ஒரு பக்கம் ஸ்பிரிங், மறு பக்கம் சின்னத் தகடு. இரண்டிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. பூப்புக்கு அடியில் காய்ந்த சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம்.

"பொட்டு நல்லா வட்டமா வந்திருக்கு" என்றார் சாமி. காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரல் அவருக்கு.

குத்தாலம் முற்றத்து மணலில் குனிந்து விரலால் எழுதினார். மெஷின் இல்லாத நேரத்தில் சாமியோடு அப்படித்தான் பேச வேண்டும். 'ஆயுத பூஜை' என்று எழுதியிருந்தார்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜையன்று குத்தாலம் மடத்தில் இருந்த அரிவாள்மணை, மண்வெட்டி, டார்ச் லைட், பூட்டு, சாவி, தண்ணீர் மோட்டார் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருக்கிறார். சாமி குளிக்கப் போனபோது கழற்றி வைத்த காது மெஷின் கண்ணில் பட்டது. குருவின் காது ஆயிற்றே, அதை விடலாமா? ஆனால் பெட்டிக்கு வெளியே வைத்தால் சாமியின் நெஞ்சில் உரசி அழிந்துவிடும். அதனால் மூடியைத் திறந்து ஸ்பிரிங்குக்கு ஒன்று, தகட்டுக்கு ஒன்று என்று உள்ளே வைத்தார். மேலே ஒரு சொட்டுத் தீர்த்தமும் தெளித்தார். ஐப்பசி ஈரம் மற்றதைப் பார்த்துக்கொண்டது.

சாமி சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காகங்கள் கேரளாவுக்கே போய்விட்டன. சாயங்காலம்தான் திரும்பின.

குத்தாலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மணலைத் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் பெரிதாக எழுதத் தொடங்கினார். செம்பில் களிம்பு இருப்பதுபோல உயிரில் ஆணவம் என்கிற மலம் இருக்கிறது. களிம்பு செம்போடு கூடவே பிறந்தது. ரசவாதி குளிகையால் அதைப் போக்குவதுபோல குருவானவர் சீடனின் மலத்தைப் போக்குகிறார். அதை விளக்கத்தான் தாங்கள் இந்த மெஷினை நிறுத்தினீர்களா? எழுதி எழுதி முற்றத்தின் அந்தக் கோடிவரை போய்விட்டார்.

சாமி பொறுமையாக நடந்துபோய்க் கடைசி எழுத்துவரை படித்தார்.

"எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றார்.

குத்தாலம் உள்ளே போய் ஒரு பழத்தோடு வந்தார். இரண்டாக வெட்டியிருந்தார். வெட்டின கை சும்மா இருக்குமா? வெட்டின இரண்டு பக்கத்திலும் குங்குமம் தடவிவிட்டிருந்தார். திருஷ்டி கழிக்கிற பழக்கம். சாமி அவருடைய கையையே பார்த்தார். குத்தாலமும் பார்த்தார். உள்ளே திரும்பிப் போய் வேறு பழம் கொண்டுவந்தார்.

சுத்தம் செய்கிற வேலை சீடர் தலையில் விழுந்தது. முதலில் பழைய பல் பிரஷ்ஷால் உலர்ந்த பூப்பைத் தட்டிவிடச் சொன்னார் சாமி. வாயால் ஊதப் போன குத்தாலத்தைத் தடுத்தார். தூள் கண்ணில் பறக்கும், எச்சில் ஈரமும் உள்ளே போகும். பிறகு ஈர்க்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, எலுமிச்சைச் சாற்றில் தொட்டு, பிழிந்துவிட்டு, பூப்பின்மேல் வைக்கச் சொன்னார். சாறு பட்ட இடம் மெல்ல நுரைத்துப் பொங்கியது.

குத்தாலத்தின் மனமும் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. பாத்திரக் கடைக்காரருக்கு இது புதிய வேலை இல்லை. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தத் தகடு பளபளக்கப் பளபளக்க உலகம்மாளின் அழுகை சாமியின் காதுக்குள் போகிற வழி திறந்துகொண்டே வருகிறதே. தன் காவிக்குத் தானே குழி தோண்டுகிற மாதிரி இருந்தது.

விரலைத் துடைத்துக்கொண்டு மணலில் எழுதினார். மெஷின் சரியாகாவிட்டாலும் பாதகமில்லை, அவள் பேசுவதைக் கேட்டுத் தானே உடனுக்குடன் எழுதிக் காட்டுவதாக.

"காட்டுவே. எழுத்தும் முத்து முத்தா இருக்கும்" என்றார் சாமி. "ஸ்பிரிங்குக்கு அடியிலே இன்னும் பச்சை இருக்கு பாரு."

உலர்ந்த பஞ்சால் துடைத்தார். ஸ்பிரிட் தொட்டு மறுபடி துடைத்தார். பென்சில் அழிக்கிற ரப்பரை முனை கூராக வெட்டி, தகட்டைத் தேய்த்தார். தகடு புதுக் காசுபோல மின்னியது. அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார். வெயிலில் காயவைத்தார். சாமி கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அப்போது ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

குத்தாலம் பாட்டரியைக் கையில் எடுத்தார். தட்டையான பக்கம் ஸ்பிரிங்கைத் தொடவேண்டும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே திருப்பிப் போட்டார். மூடியை மூடினார்.

சாமி வந்து வயரைக் காதில் மாட்டிக்கொண்டார். சத்தத்தைக் கூட்டுகிற திருகைத் திருகிப் பார்த்தார். சீடரைப் பார்த்தார். குத்தாலம் உதட்டைப் பிதுக்கினார். சாமி சரி என்று தலையாட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

உலகம்மாள் வந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் அதிரசச் சம்படம். நல்ல பச்சை நிறப் புடவை, தலையில் பிச்சிப்பூ. சாமியை விழுந்து கும்பிட்டாள். புருஷனைப் பார்த்து, இளைச்சிட்டீகளே என்றாள். சம்படத்தைத் திறந்து இருவருக்கும் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெஷின் ஓடவில்லை, நீ சொல்வதை நான்தான் எழுதிக் காட்டவேண்டும் என்று குத்தாலம் விளக்கினார். அவளையே எழுதச் சொல்லச் சாமியால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியில்லாமல் எழுதமாட்டாள், கண்ணாடியை வீட்டில் மறக்காமல் எந்த ஊருக்கும் வந்ததில்லை.

குத்தாலம் விரலை மணலில் வைத்துக்கொண்டு தயாரானார். 'முழுச் சம்மதம்.' எழுத வேண்டியது அவ்வளவுதான். அவள் எப்படிப் புரண்டு அழுதாலும் சரி.

உலகம்மாள் அதிரசத்தை ஒரு கடி கடித்துவிட்டுச் சொன்னாள்:

"நான் இவுகளைக் கூட்டிட்டுப் போக வரலை சாமி. விட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

குத்தாலத்தின் விரல் நின்றது.

அவள் சாமியைப் பார்த்து மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். மனசார விட்டுக்கொடுப்பதாகச் சொன்னாள். இவுக இங்கே வந்த பிறகு வீட்டில் ஒரு சாமானும் கெட்டுப் போகவில்லையாம். மிக்ஸி ஓடுகிறதாம், காலிங் பெல் அடிக்கிறதாம், டிவி ரிமோட்டைத் தலையில் தட்டாமலே சேனல் மாறுகிறதாம். முன்பெல்லாம் வருஷத்துக்கு வருஷம் பூஜை முடிந்த கையோடு ரிப்பேர்க்காரனைத்தான் முதலில் கூப்பிடவேண்டும். கடையிலும் வியாபாரம் பிடித்துக்கொண்டதாம். ஒரு டம்ளர் வாங்க வந்தவனிடம் இவுக உயிர், மலம், களிம்பு என்று ஆரம்பித்தால் அவன் டம்ளரே வேண்டாம் என்று கையால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இப்போது அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கும் நல்ல தூக்கம். உடம்பு கூடியிருக்கிறது, பாருங்கள் என்று வளையலைத் தள்ளிக் காட்டினாள். வளையல் நகரவில்லை.

குத்தாலம் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாக எந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தாரோ அந்தச் சொல் வந்துவிட்டது. பொய் எழுதக்கூட வேண்டியதில்லை. உள்ளதை எழுதினால் காவி.

அவர் முகம் கறுத்தது. கிணற்றில் பார்த்துப் பழகிய கல்முகம் எங்கே போயிற்றோ. கீழுதடு மட்டும் துடித்தது. குனிந்து மணலில் எழுதினார். எழுதிவிட்டு விலகி நின்றார்.

'உலகு அழுகிறாள். என்னை விட மாட்டாளாம்.'

சாமி படித்தார். நிமிர்ந்து உலகம்மாளைப் பார்த்தார். அவள் இரண்டாவது அதிரசத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அழுறீங்க?" என்றார் சாமி.

"யாரு, நானா?"

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். மணலில் குனிந்தாள். எழுத்துகள் பெரிதாக இருந்ததால் கண்ணாடியில்லாமலே படிக்க முடிந்தது. ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் சிரிப்பு நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் வேப்பமரத்தில் இல்லாத காகங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

சாமி மெஷினைக் கழுத்திலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினார்.

அவள் நகத்தால் மூடியைத் தள்ளினாள். டிவி ரிமோட் திறக்கிற வீட்டுக்காரிக்கு இதில் என்ன இருக்கிறது? பாட்டரி தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பிப் போட்டு, மூடியை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

சாமி வயரைக் காதில் மாட்டினார். திருகைத் திருகினார். முகம் மலர்ந்தது. முதலில் காற்றைக் கேட்டார். பிறகு கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதைக் கேட்டார். பிறகு குத்தாலம் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டார்.

"நல்லாத் தேய்ச்சிருக்கே. முன்னைவிடத் தெளிவாக் கேக்குது" என்றார் சீடரைப் பார்த்து. பிறகு உலகம்மாளிடம், "அப்ப எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா. என்ன சொன்னீங்களோ அதை இப்பச் சொல்லுங்க."

உலகம்மாள் வாயைத் திறந்தாள். மணலைப் பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

விட்டுட்டுப் போகத்தான் வந்தேன் என்று மறுபடியும் தொடங்கினாள். மிக்ஸி ஓடுகிறது என்றாள். கடை நடக்கிறது என்றாள். இந்தத் தடவை ஒவ்வொன்றும் மெதுவாக வந்தது. தூக்கம் நன்றாக வருகிறது என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

சாமி காத்திருந்தார்.

"கரண்டு போனா மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு சாமி" என்றாள். "வீடே இருட்டா இருக்கும். யாரையாவது திட்டணும்போல இருக்கும். பக்கத்திலே ஆள் இல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சம்படத்தை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடி மூடினாள்.

குத்தாலத்தின் முகத்தில் அந்த நேரத்தில் வந்த வெளிச்சத்தை வைத்துத் தென்காசிக் கடைத்தெரு முழுக்க ஒரு வாரம் சமாளித்திருக்கலாம். அதை மறைக்க அவர் என்னென்னவோ செய்தார். இருமினார். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். பிறகு ரொம்பப் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு சாமியின் முன்னால் நின்றார்.

"சாமி, அவ சம்மதம் சொல்லிட்டா. உங்க காதுபடவே சொல்லிட்டா. வழக்கப்படி எனக்குக் காவி உண்டு. ஆனா…"

சாமி மெஷினின் திருகை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.

"ஆனா இப்ப நான் என்ன செய்யணும்? நீங்கதான் சொல்லணும், சாமி."

ரோட்டின் முனையில் தென்காசிக்குத் திரும்புகிற பஸ் வந்து உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்து முடிக்கிறவரை அங்கேதான் நிற்கும்.

"உங்க தெருவிலே கரண்டு எப்பப் போகும்?" என்றார் சாமி, உலகம்மாளைப் பார்த்து.

"சாயங்காலம் சாமி. விளக்கு வைக்கிற நேரம் பாத்துத்தான் போகும்."

சாமி குத்தாலத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப இந்த பஸ்ஸை விட்டுராதே."